ஏழையின் வழக்கும் வழக்கறிஞரின் வறுமையும்



வளரும் நாடு ஒன்றில் நீதியை எளியவர் எட்டுவது பற்றியும், அந்த வழியில் வழக்கறிஞர் படும் பாடு பற்றியும் பேசப் பணித்திருக்கிறீர்கள். பல நாடுகளைச் சுற்றிவந்து பேசுவதற்கு என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது நம் நாட்டு மாவட்ட நீதிமன்றங்கள். அதிலும் நடுவர் நீதிமன்றம், முன்சீப் கோர்ட், சப் கோர்ட். என் தொழில் வாழ்க்கை பெரும்பாலும் அந்த வளாகங்களில்தான் கழிந்தது. அங்கிருந்தே பேசுகிறேன்.

ஏழைக்கு நீதி எட்டவில்லை என்று ஒரு மேடையில் வருந்துகிறோம். இளம் வழக்கறிஞர்களுக்குப் பிழைப்பு இல்லை என்று இன்னொரு மேடையில் வருந்துகிறோம். இரண்டும் ஒரே நோய் என்பது என் துணிபு. ஏழையின் வக்கீலும் ஏழையாகவே இருக்கும்வரை, ஏழைக்காக இயற்றிய சட்டங்கள் அலமாரியை விட்டு இறங்காது.

சிறையிலிருந்து தொடங்குகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி நம் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர், எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்காமலே உள்ளே இருந்தார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் ஜாமீன் மறுக்கப்பட்டது என்று எண்ணிவிட வேண்டாம். ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வெளியே வர முடியாதவர்கள் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ஒரு கட்டடத் தொழிலாளியின் வழக்கைச் சொல்கிறேன். கட்டுமான இடத்தில் கம்பி காணாமல் போனதென்று ரிமாண்ட் ஆனவர். வேறு மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகள் வழக்கமானவைதான். பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரம். அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களில் ஒருவர் ரத்த உறவு. பத்திரத்தில் ஜாமீன்தாரரின் புகைப்படமும் இடது கட்டைவிரல் ரேகையும். ஆதார் அல்லது பாஸ்புக் நகல். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து.

உத்தரவை எழுதியவருக்கு இதில் கடுமை எதுவும் தெரிந்திருக்காது. அந்தத் தொழிலாளியின் மனைவிக்குத் தெரிந்தது. ரத்த உறவான அண்ணன் ஐந்து மணி நேரப் பஸ் பயணத்துக்கு அப்பால் இருந்தார். சொத்துக்குச் சான்றாக அவர் காட்டிய ஓட்டு வீட்டு வரி ரசீது இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றாத ரசீது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவது ஆளாக நிற்க ஒப்புக்கொண்ட மேஸ்திரி, கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய காலையில் "எதுக்கும்மா நமக்கு வம்பு" என்று ஒதுங்கிக்கொண்டார். வளாகத்துக்கு வெளியே டீக்கடை ஓரமாகக் காசுக்கு ஜாமீன் நிற்க ஆட்கள் உண்டு; எந்தக் கோர்ட் ஊரிலும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பெண் கம்மலை அடகு வைத்தார். கணவர் வெளியே வந்தார். அதோடு முடிந்ததா என்றால், இல்லை. கட்டட வேலைக்கு எட்டு மணிக்கே போய் நிற்க வேண்டும். 10.30 மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு வருகிறவரை எந்த மேஸ்திரி சேர்த்துக்கொள்வார்? நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு ஒரு மனுப் போடலாம். அதற்கு வக்கீல் வேண்டும். வக்கீலுக்கு ஃபீஸ் வேண்டும். அடகு வைக்க இன்னொரு கம்மல் இல்லை.

இந்தச் சிக்கலுக்குச் சட்டம் விடை காணாமல் இல்லை. 1978இல் மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கதையைத்தான் கேட்டது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவர். ஜாமீனில் விடலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கீழே இருந்த நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஜாமீன் நிற்க வந்தவரை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார். நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பத்திரத்திலேயே அவரை விடச் சொன்னார். கிருஷ்ணய்யர் சென்னையில் சட்டம் படித்து, தலச்சேரியில் விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடியவர். மாவட்டக் கோர்ட்டின் வாசலில் என்ன நடக்கிறது என்பதை நேரில் பார்த்த கண்கள் எழுதிய தீர்ப்பு அது.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே வழி சொன்னது. ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நீதிமன்றமே முன்வந்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். அதே ஆண்டு ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டத்தைக் கொண்டுவந்தது. விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை அரசே செலுத்தும் என்று அப்போது அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு இருக்கிறது. முன்பு தண்டனை எதுவும் பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால், கொடுங்குற்றங்கள் நீங்கலாக, அவரை விடுவிக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் என் கட்டடத் தொழிலாளியின் மனைவி கம்மலை அடகு வைத்தார். இந்தப் பிரிவுகளையும் உத்தரவுகளையும் எடுத்துப் படித்து, ஒரு மனு அடித்து, பெஞ்ச் கிளார்க்கிடம் எண் வாங்கி, நடுவர் முன் எழுந்து நின்று "ஐயா, இவருக்கு இது பொருந்தும்" என்று சொல்ல ஓர் ஆள் உரிய நாளில் அங்கே இருப்பதில்லை. நீதி எட்டவில்லை என்று நாம் பெரிதாகப் பேசுவது, பெரும்பாலான நாட்களில், இந்த ஓர் ஆள் இல்லாத குறைதான்.

இந்த ஆளைக் கொடுப்பது அரசின் கடமை என்பதில் ஐயமே இல்லை. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியே அரசமைப்பில் 39ஏ உறுப்பு சேர்ந்தது. பொருளாதாரக் குறையால் எவருக்கும் நீதி மறுக்கப்படாமலிருக்க அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்றது. 1979இல் பீகார் சிறைகளின் நிலையைக் காவல்துறை அதிகாரியாக இருந்த ருஸ்தம்ஜி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். அதை வைத்து வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் சென்றார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்களான நீங்கள் பாடத்தில் படிக்கிறீர்களே, அதுதான். குற்றம் உறுதியானால் எத்தனை காலம் தண்டனையோ, அதையும் தாண்டி விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள் அந்தச் சிறைகளில் இருந்தார்கள். பணமில்லை என்று சொல்லி அரசு சட்ட உதவியைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 1981இல் பாகல்பூர்க் கண்பறிப்பு வழக்கிலும், கைதி வாய்திறந்து கேட்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்று 1986இல் சுக்தாஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் நிறைவேறி, 1995 நவம்பர் 9 முதல் நடப்புக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவை மாணவர்கள் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பெண்கள் அனைவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், தகுதி உடையவர்கள். குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோரும் உண்டு. பெண்களை மட்டும் கணக்கிட்டாலே நாட்டில் பாதி.

மக்கள்தொகையில் பாதிக்கு மேல் உரிமை கொடுத்துவிட்டு, இந்த நாடு சட்ட உதவிக்காக ஆளொன்றுக்கு ஆண்டில் செலவிடுவது ஏழு ரூபாய்க்கும் குறைவு என்று இந்திய நீதி அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. ஒரு டீயின் விலைகூட இல்லை. இந்தத் தொகையில் என்ன தரமான வழக்கறிஞரைக் கொடுக்க முடியும்?

2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அனோகிலால் வழக்கைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்கு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரை நியமித்த அன்றே குற்றச்சாட்டும் வனையப்பட்டது. வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்கக்கூட நேரம் தரவில்லை. இரண்டு வாரங்களில் விசாரணை முடிந்து தூக்கு என்று தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ வாய்ப்புள்ள வழக்கில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ளவரைத்தான் நியமிக்க வேண்டும், தயாரிப்புக்கு ஏழு நாளாவது தர வேண்டும் என்று விதித்தது. அந்த வழக்கறிஞரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொற்பத் தொகைக்கு, அதுவும் எப்போது வரும் என்று தெரியாத தொகைக்கு, ஓர் உயிரைச் சுமக்கச் சொன்னோம். நமது ஊர்களிலும் இலவசச் சட்ட உதவிப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள், கட்டணப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நகல் மனுவுக்கும் டைப்பிங்குக்கும் ஸ்கேன் எடுக்கவும் அதற்குள் கைக்காசு போயிருக்கும்.

காய்ச்சலென்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். அங்கே இருக்கும் டாக்டர் தர்மத்துக்கு ஊசி போடுவதில்லை. அரசு அவருக்கு மாதச் சம்பளம் தருகிறது, மருந்தும் தருகிறது. சட்ட உதவியை மட்டும் ஏன் வழக்கறிஞரின் தர்ம சிந்தனையில் விட்டுவைத்திருக்கிறோம்? 2022 முதல் நடைமுறைக்கு வந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறை இந்தக் கேள்விக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில். மாவட்டந்தோறும் தலைமை, துணை, உதவி என்று முழுநேர வழக்கறிஞர்கள், வேறு வழக்கு எடுக்கக் கூடாது, மாத ஊதியம். அரசுத் தரப்புக்கு அரசு வழக்கறிஞர் இருப்பதுபோல ஏழைத் தரப்புக்கும் ஒருவர். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் பணி ஒப்பந்த அடிப்படையில்தான். சொந்த வழக்குகளையெல்லாம் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தவர், ஒப்பந்தம் முடிந்ததும் எங்கே போவார்? கட்சிக்காரர்கள் அதுவரை காத்திருப்பார்களா? தவிர, இந்த முறை குற்ற வழக்குகளுக்கு மட்டுமே. ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்ணுக்கு இதில் இடமில்லை.

அந்தப் பெண்ணின் ஒரு நாளையும் பார்த்துவிடுவோம். டவுன் பஸ் இப்போது அவருக்கு இலவசம். அந்த அளவுக்கு நிம்மதி. பத்தரைக்குள் வந்து வராந்தாவில் குந்திவிட வேண்டும், பெயர் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. இரண்டு மணிக்கு டவாலி கூப்பிடுவார். எதிர்தரப்பு வக்கீல் வாய்தா கேட்பார். அரை நிமிடம். அடுத்த தேதி. அன்றைய கூலி போனது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சார்பான நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நோட்டீஸ் சார்பானால்தானே அந்த 60 நாள் தொடங்கும்? கணவர் அந்த முகவரியில் இல்லை என்று நோட்டீஸ் திரும்பிக்கொண்டே இருக்கும்.

இப்போது இந்த மாணவர்கள் பக்கம் திரும்புகிறேன். உங்களில் பலர் உங்கள் குடும்பத்தில் முதல் வழக்கறிஞராகப் போகிறவர்கள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவுக் கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். பல மாநில பார் கவுன்சில்கள் பதினைந்தாயிரம், அதற்கு மேலும் வசூலித்து வந்தன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு ரூபாயும் கூடாது என்று நிறுத்தியது. கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை கறுப்புக் கோட்டு போடுவதற்கு முன்பே கடனாளியாக வேண்டியிருந்த நிலை அதனால் மாறியது.

பதிவு செய்த பிறகு? ஒரு சீனியர் ஆபீஸில் சேர்கிறீர்கள். கால் ஒர்க் பார்க்கிறீர்கள், வாய்தா வாங்குகிறீர்கள், கட்டைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோர்ட்டுக்கும் அந்தக் கோர்ட்டுக்கும் ஓடுகிறீர்கள். மாதக் கடைசியில் கிடைப்பது பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் போதாது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஜூனியரின் உழைப்பை ஓசியில் வாங்கிய பெரிய ஆபீஸ்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் தாலுகா கோர்ட்டில் சீனியர் என்று சொல்லப்படுபவரின் வருமானமே சில மாதங்களில் அந்தத் தொகையை எட்டாது. அவர் மூன்று ஜூனியருக்கு எங்கிருந்து கொடுப்பார்? கொடுக்க முடியாததால் அவர் ஜூனியரே வைத்துக்கொள்ள மாட்டார். கிராமத்துப் பிள்ளை தொழில் கற்க இடமின்றி ரியல் எஸ்டேட் ஆபீஸ், கடன் வசூல் நிறுவனம் என்று ஒதுங்குவார். இளம் பெண் வழக்கறிஞர்களின் பாடு இதைவிடக் கடினம். பல நீதிமன்ற வளாகங்களில் தண்ணீர் வரும் கழிப்பறை கிடையாது. கழிப்பறை வசதி அடிப்படை உரிமை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே தாலுகா அளவில் இளம் வழக்கறிஞர்களுக்கு முதல் மூன்றாண்டு ஊதியத்தை அரசே ஏற்று, அவர்களைச் சட்ட உதவி வழக்குகளில் அனுபவமுள்ள ஒருவரின் கீழ் பணியாற்றச் செய்ய வேண்டும். ஏழைக்கு ஆள் கிடைக்கும். இளைஞருக்குத் தொழிலும் சோறும் கிடைக்கும். இதற்காகும் தொகை ஓர் அரசுக்குப் பெரிதில்லை.

நம் தரப்பையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. நீதிமன்றப் புறக்கணிப்பைச் சொல்கிறேன். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2002 டிசம்பரில். நமக்கு உண்மையான குறைகள் உண்டு. 2009 பிப்ரவரி 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போலீஸ் தடியடி நடத்தியதை யாரும் மறக்க முடியாது. ஆனால் நாம் வெளியே நிற்கும் ஒவ்வொரு நாளும் யாருடைய ஜாமீன் மனு தள்ளிப்போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பணக்காரக் கட்சிக்காரருக்கு அது ஒரு வாய்தா. மற்றவருக்கு இன்னொரு இரவு சிறை. இதில் சமாதானம் சொல்ல இடமே இல்லை.

மொழியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, ஓரிரு வரிகளோடு கடக்கிறேன். தமிழக ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தத்தின் மூலம் கீழ் நீதிமன்றங்களில் தமிழ் வந்தது. 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் உயர் நீதிமன்றத்தில் இன்னும் வரவில்லை. தன் மேல்முறையீட்டில் என்ன பேசினார்கள் என்று கட்சிக்காரர் இன்றும் வக்கீலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்.

இறுதியாக வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தில் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் சந்தனக் கட்டை தேடி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் புகுந்தன. வீடுகளை நொறுக்கினார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மீதே வழக்கும் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் நின்றதால், உயர் நீதிமன்ற உத்தரவில் சிபிஐ விசாரணை வந்தது. தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் நீதியரசர் பி. வேல்முருகன் நேரில் வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29 அன்று அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார்.

31 ஆண்டுகள். இதை நம் நீதித்துறையின் வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பெண்களின் வெற்றி அது. கூலியை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் சாட்சிக் கூண்டுக்கு வந்து சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்ன உறுதியின் வெற்றி. அவர்களுக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருந்தது, காசு பார்க்காத வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அமைப்பும் கட்சியும் எட்டிப் பார்க்காத ஊரில் இது நடந்திருந்தால் முதல் மனுவே போயிருக்காது. நாட்டின் பெரும்பாலான ஊர்கள் அப்படிப்பட்ட ஊர்கள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவு செய்த முதல் ஆண்டில், வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் ஊர் நடுவர் நீதிமன்றத்தில் ரிமாண்ட் நேரத்தில் நில்லுங்கள். அடித்தார்களா, எப்போது பிடித்தார்கள், வீட்டுக்குச் சொன்னார்களா என்று ரிமாண்டுக்குக் கொண்டுவரப்பட்டவரிடம் கேளுங்கள். ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களின் பெயர்களைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். மற்றவர்களுக்கு இன்னொன்று. இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. உங்கள் தெருவில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் செல்போனில் இன்றிரவே அதைப் பதிந்து கொடுங்கள்.